தூணின் நிழல் விழும் இடம்

மணி பதினொன்றாக இன்னும் இரண்டு நிமிடம். பிராக் பழைய நகர மன்றக் கோபுரத்தின் அடியில் முந்நூறு பேராவது அண்ணாந்து நிற்கிறோம். உயர்ந்த கைகளில் எல்லாம் கைபேசி. மணி ஆனதும் கடிகாரத்தின் ஓரத்தில் நிற்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கிறது. மேலே இரண்டு சிறிய ஜன்னல்கள் திறக்கின்றன. இயேசுவின் சீடர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் ஒரு பொற்சேவல் தொண்டை கட்டியதுபோல் கூவுகிறது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இதற்கா இவ்வளவு நேரம் நின்றோம் என்ற முகத்தோடு கூட்டம் கலைந்து, கோபுரத்தின் மறுபக்கத்துக்குத் திரும்புகிறது.

திரும்பும் இடத்தில் தரையில் வெள்ளைக் கற்களால் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் 27. அவற்றின் மீது சக்கரம் வைத்த பயணப்பெட்டிகள் கடகடவென்று உருண்டு போகின்றன. ஒரு குழந்தை சிலுவைக்குச் சிலுவை தாவி நொண்டி விளையாடியது. அம்மா தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் என்ன காரணம் சொல்லியிருப்பாள்? அந்த 27 சிலுவைகளுக்கும் பின்னால் இருப்பது ஒரு காலை வேளையில் நடந்த கொலைகள்.

சதுக்கம் என்ற சொல் நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் சதுக்கத்தில் ஒரு பூதம் இருந்தது. பொய்ச்சாட்சி சொன்னவனையும் பிறன்மனை நோக்கியவனையும் பாசத்தால் கட்டி அடித்துத் தின்னும் பூதம் அது. பிராக் சதுக்கத்தில் அப்படியொரு பூதம் இருந்திருந்தால் அதற்குப் பசியே எடுத்திருக்காது. வந்த ஆட்சி ஒவ்வொன்றும் இங்கே ஒரு சிலையையோ தூணையோ நட்டது. முன்னவர் நட்டதைப் பிடுங்கியது. வழிகாட்டிகள் நிற்கிற கட்டடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். மூன்று நாள் அங்கே சுற்றித் திரிந்ததில் எனக்கு வேறொன்று பட்டது. இங்கிருந்து அகற்றப்பட்டவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் நிற்பவை எதற்காக நிற்கின்றன என்பதே விளங்குகிறது.

செக் மொழியில் இதன் பெயர் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கே நாமியெஸ்டி, அதாவது பழைய நகரச் சதுக்கம். பரப்பு 9,000 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இடைக்காலத்தில் இது சந்தை. டீன் மாதா கோயிலுக்குப் பின்னால் வெளியூர் வணிகர்கள் தங்கிச் சுங்கம் கட்டிய முற்றம் இன்றும் இருக்கிறது. வல்டாவா ஆற்றின் வெள்ளத்துக்குப் பயந்து 13ஆம் நூற்றாண்டில் நகரத்தின் தரையையே மண் கொட்டி உயர்த்தினார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகளின் தரைத்தளங்கள் அப்படியே மண்ணுக்குள் போய் நிலவறைகளாகிவிட்டன. சதுக்கத்தைச் சுற்றியுள்ள சில உணவகங்களில் படியிறங்கிச் சாப்பிட உட்காரும்போது நாம் உட்காருவது 12ஆம் நூற்றாண்டுக்காரர் ஒருவருடைய முன்கட்டில்.

முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம், எல்லாரும் அதற்காகத்தானே வருகிறார்கள். இதைச் செய்தவர் கடான் ஊரைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரத் தச்சர், 1410இல். அதற்கான வானியல் கணக்கு பிராக் பல்கலைக்கழகத்தின் யான் ஷிண்டெலுடையதாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். ஒரே முகத்தில் பல காலங்களைக் காட்டும் கருவி இது. ரோமன் எண்கள் இன்று நாம் பயன்படுத்தும் மணியைக் காட்டுகின்றன. வெளிவட்டத்தில் பழைய கோத்திக் எழுத்தில் உள்ள எண்கள் சூரியன் மறைவதிலிருந்து எண்ணப்படும் பழைய செக் மணியைக் காட்டுகின்றன. சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வட்டமே ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகர்கிறது. மூன்றாவது கணக்கில் பகல் எத்தனை நீளமானாலும் அது 12 பங்குதான். ஆகவே கோடையில் மணி நீளம், குளிரில் குட்டை. உதயம் முதல் அஸ்தமனம் வரை பகலை எட்டாகப் பிரித்து ராகுகாலம் பார்க்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் கஷ்டமே இல்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதிக்கு நான்தான் விளக்கினேன் என்று சொன்னால் பெருமையடிப்பதாகத் தோன்றும், ஆனாலும் அதுதான் நடந்தது.

இந்தக் கடிகாரத்துக்கு ஒரு கதை உண்டு. ஹனுஷ் என்ற ஆசான் இதைச் செய்து முடித்ததும், வேறு ஊருக்கு இதுபோல் இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று நகர மன்றத்தார் அவர் கண்ணைக் குருடாக்கினார்கள், அவர் தடவித் தடவி ஏறிவந்து எந்திரத்தைப் பாழாக்கினார் என்பது அந்தக் கதை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலாய்ஸ் யிராசெக் அதைத் தன் பழங்கதைத் தொகுப்பில் எழுத, செக் குழந்தைகள் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது. 1960களில் ஸ்டெனியெக் ஹோர்ஸ்கி என்ற வானியல் வரலாற்றாளர் 1410ஆம் ஆண்டு ஆவணத்தைக் கொண்டு மிகுலாஷின் பெயரை நிலைநிறுத்தினார். ஹனுஷ் அதற்கு ஏறக்குறைய 80 ஆண்டு பிந்தியவர், பழுதுபார்த்தவர். கண்ணைக் குருடாக்கிய கதைக்குச் சான்று இல்லை. ஆனால் வழிகாட்டிகள் இன்னும் ஹனுஷைத்தான் சொல்கிறார்கள். கதையை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை.

கடிகாரத்தின் இருபுறமும் நான்கு பொம்மைகள் நிற்கின்றன: கண்ணாடி பார்க்கும் தற்பெருமைக்காரன், பணப்பையோடு கருமி, எலும்புக்கூடு, துருக்கியன். கருமி ஒருகாலத்தில் தாடி வைத்த யூதனாக இருந்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தாடியை எடுத்துவிட்டார்கள். இந்த நகரத்தின் யூதர்கள் வதைமுகாம்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டுச் செத்த பிறகு வந்த நாசூக்கு அது. ஒரு தாடியை வெட்டி வரலாற்றைச் சரிசெய்ய முடியுமா என்பது வேறு விஷயம். இந்தச் சதுக்கத்தின் வழக்கம் அதுதான்: சங்கடமான பகுதியை வெட்டிவிடுவது.

27 சிலுவைகளுக்கு வருவோம்.

1618இல் பொஹீமியாவின் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். 1620 நவம்பர் 8 அன்று பிராக்கை ஒட்டிய வெள்ளை மலையில் நடந்த சண்டை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துபோனது. கிளர்ச்சி தோற்றது. பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் தலைவர்கள்மீது வழக்கு நடத்தி, 1621 ஜூன் 21 அன்று இந்தச் சதுக்கத்தில் தண்டனையை நிறைவேற்றினார். பிரபுக்கள் 3, குதிரைவீர வகுப்பினர் 7, நகரத்தார் 17. விடியற்காலையில் தொடங்கி நான்கு மணி நேரம். 24 பேருக்குத் தலை வெட்டு, 3 பேருக்குத் தூக்கு. தண்டனையை நிறைவேற்றிய யான் மிட்லார்ஷ் நான்கு வாள்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். வெட்டி வெட்டி வாள் மழுங்கியது. மேடைவரை போன இன்னொருவருக்கு, சிக்ஸ்ட் என்பவருக்கு, அங்கேயே உயிர்ப்பிச்சை கிடைத்தது. 28 என்று இருந்திருக்க வேண்டிய எண் அப்படித்தான் 27 ஆனது.

கொல்லப்பட்டவர்களில் ஒருவர் யான் யெசெனியுஸ். மருத்துவர், பல்கலைக்கழகத்தின் தலைவர். 1600இல் பிராக்கில் பொதுமக்கள் முன்னிலையில் பிரேதத்தை அறுத்து உடற்கூறு விளக்கிக் காட்டியவர். மறு ஆண்டு வானியலாளர் டைக்கோ பிராஹே இறந்தபோது, சதுக்கத்தின் எதிர்ப்புறத்தில் நிற்கிற டீன் மாதா கோயிலில் அவருக்கு இறுதி அஞ்சலி உரை நிகழ்த்தியவரும் இவரே. பிராஹேயின் கல்லறை இன்றும் அந்தக் கோயிலுக்குள் இருக்கிறது. அந்தக் கோயிலில் நின்று பேசிய நாக்கை, இருபது ஆண்டு கழித்து, அதே கோயிலின் எதிரில் போட்ட மேடையில் முதலில் அறுத்தார்கள். பிறகு தலையை வெட்டி, உடலை நான்காகக் கூறுபோட்டார்கள். டீன் கோயில் வாசலிலிருந்து சிலுவைகள் வரை நடந்து பார்த்தேன். மெதுவாக நடந்தாலே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

12 பேருடைய தலைகளை இரும்புக் கூடைகளில் போட்டு, சார்லஸ் பாலத்தின் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பத்தாண்டு தொங்கின. 1631இல் சாக்ஸனிப் படை நகரைப் பிடித்தபோதுதான் அவற்றை இறக்கி, ஊர்வலமாக டீன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

டீன் கோயிலையும் ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கலாம். 80 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்கள். சற்றுக் கவனித்தால் இரண்டும் ஒரே பருமன் இல்லை, தெற்குக் கோபுரம் தடித்தது. இரண்டுக்கும் நடுவே முக்கோண முகப்பில் பொன்னொளி வீசும் மாதா. அந்த இடத்தில் முன்பு இருந்தது பொன் முலாம் பூசிய ஒரு பெரிய கிண்ணமும் போடியெப்ராடி ஜார்ஜ் மன்னனின் சிலையும். கிண்ணம் என்றால் சும்மா பாத்திரம் இல்லை. நற்கருணையில் அப்பம் எல்லாருக்கும், திராட்சை இரசம் குருவுக்கு மட்டும் என்ற வழக்கத்தை எதிர்த்து, இரசமும் எல்லாருக்கும் வேண்டும் என்று கேட்ட, யான் ஹுஸ் என்ற பிராக் போதகரின் வழிவந்தவர்களின் கொடி அது. 1458இல் பழைய நகர மன்றத்தில் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜார்ஜ் அந்த வழியைச் சேர்ந்தவர். வெள்ளை மலைக்குப் பிறகு மன்னரும் கிண்ணமும் இறக்கப்பட்டு, 1626இல் மாதா ஏற்றப்பட்டார். கிண்ணத்தின் பொன்னைக் கொண்டுதான் மாதாவின் ஒளிவட்டம் செய்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால் அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சதுக்கத்தின் பெரிய வழக்கு ஒரு தூணைப் பற்றியது.

1648இல், முப்பதாண்டுப் போரின் கடைசி மாதங்களில், சுவீடன் படை ஆற்றின் இடக்கரையைப் பிடித்து அரண்மனையைச் சூறையாடியது. பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் சேர்த்து வைத்த கலைப்பொருள்கள் அப்படித்தான் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தன. வலக்கரையில் இருந்த பழைய நகரத்தை மட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. நகரத்தாரும் மாணவர்களும் சேர்ந்து பாலத்தில் நின்று தடுத்தார்கள். அந்தப் பாதுகாப்புக்கு நன்றியாகப் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் 1650இல் சதுக்கத்தின் நடுவில் மாதா தூண் ஒன்றை எழுப்பினார். சிற்பி யான் யிரி பெண்டல். உயரம் ஏறக்குறைய 16 மீட்டர்.

தூணுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உச்சிப்பொழுதில் அதன் நிழல் தரையில் வடக்கு நோக்கி விழும் கோடுதான் பிராக்கின் நடுப்பகல் கோடு. நிழல் கோட்டைத் தொட்டால் நகரத்துக்கு நண்பகல். ரயில் வந்து, 1891இல் ஆஸ்திரிய ரயில்வேக்கள் மத்திய ஐரோப்பிய நேரத்தை ஏற்கும் வரை ஊருக்கு ஊர் இப்படித்தான் தனித்தனி நண்பகல் இருந்தது.

1918 அக்டோபர் 28 அன்று செக்கோஸ்லோவாக்கியா சுதந்திரம் அறிவித்தது. ஆறு நாள் கழித்து, நவம்பர் 3, ஞாயிறு. வெள்ளை மலையில் ஒரு கூட்டம். அங்கிருந்து திரும்பியவர்களோடு ழிஷ்கோவ் பேட்டையிலிருந்து ஃப்ரான்டா சவெர் என்பவர் தீயணைப்பு வீரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எழுத்தாளர், மதுக்கடை நண்பர்கள் நிறைந்தவர், எதையும் செய்துபார்க்கிற பேர்வழி. தூணில் கயிறு கட்டி இழுத்தார்கள். விழுந்து உடைந்தது. 268 ஆண்டு நின்ற தூண்.

கூட்டம் அந்தத் தூணை வெள்ளை மலை வெற்றியின் சின்னம் என்று நம்பியது. செக் மக்களைத் தோற்கடித்து, அவர்கள் தலைவர்களை இதே இடத்தில் வெட்டிய ஆட்சி நட்ட அவமானத் தூண் என்பது அவர்கள் கணக்கு. ஆவணப்படி அது 1648 முற்றுகைக்கான நன்றி. தடுத்து நின்றவர்களும் இந்த ஊர்க்காரர்களே. அதனால் கூட்டத்துக்கு வரலாறு தெரியவில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பு முழுதாக ஒப்பவில்லை. 27 பேரை வெட்டிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், வெட்டியவரின் மகன் 29 ஆண்டில் வந்து ஒரு தூண் நட்டால், அது எதற்கான நன்றி என்று கல்வெட்டில் எழுதியிருப்பதை மட்டும் மக்கள் வாசிக்க மாட்டார்கள். நட்டவர் யார் என்பதையும் சேர்த்தே வாசிப்பார்கள். தேதியில் கூட்டம் தவறியது. ஆளை அடையாளம் காண்பதில் தவறவில்லை.

விழுந்தபோது தூணுக்கு எதிரில் ஒரு போட்டியாளர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். யான் ஹுஸ், 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபைச் சங்கத்தால் உயிரோடு எரிக்கப்பட்ட பிராக் போதகர். அந்த எரிப்பின் ஐந்நூறாம் ஆண்டு நாளில், 1915இல், லாடிஸ்லாவ் ஷலொவுன் செய்த மாபெரும் வெண்கலச் சிலைத்தொகுதி திறக்கப்பட இருந்தது. போர்க்காலம் என்று சொல்லி ஆஸ்திரிய அதிகாரிகள் விழாவுக்குத் தடை போட்டார்கள். மக்கள் பேச்சுமில்லாமல் பாட்டுமில்லாமல் வந்து பூவாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு மூன்று ஆண்டு நான்கு மாதம், மாதாவும் ஹுஸும் ஒரே சதுக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

1925இல் புதிய குடியரசு ஹுஸ் நாளை அரசு விழாவாக்கியபோது வாத்திகன் தூதர் கோபித்துக்கொண்டு பிராக்கைவிட்டே வெளியேறினார். ஹுஸின் கொடூரச் சாவுக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்க ஒரு போப்பாண்டவருக்கு 1999 டிசம்பர் வரை, இரண்டாம் ஜான் பால் வரை, ஆனது.

தூண் விழுந்த இடத்தில் 1990களில் ஒரு கல் பதித்தார்கள். இங்கே மாதா தூண் நின்றது, மீண்டும் நிற்கும் என்று நான்கு மொழிகளில் அதில் எழுதியிருந்தது. மீண்டும் நிற்கும் என்ற பகுதியை மட்டும் பின்னர் உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். ஒரு வாக்கியத்தின் எதிர்கால வினையை வெட்டிய உளி! இந்தச் சதுக்கத்தின் வரலாற்றை ஒரே பொருளில் காட்டச் சொன்னால் நான் அந்தக் கல்லைத்தான் காட்டுவேன். ஆனால் காட்ட முடியாது; அந்த இடத்தில் இப்போது தூண் நிற்கிறது. சிற்பி பெட்ர் வான்யா பல்லாண்டு உழைத்து ஒரு நகலைச் செதுக்கினார். 2019இல் அனுமதி இல்லாமலே வேலையைத் தொடங்கப் போனவரைப் போலீஸ் தடுத்தது. 2020 ஜனவரியில் நகரசபை சம்மதித்தது. ஜூன் 4 அன்று, கொரோனாவால் சதுக்கம் வெறிச்சோடிக் கிடந்த கோடையில், கிரேன் மாதாவைத் தூக்கி உச்சியில் வைத்தது. ஆகஸ்ட் 15 அன்று கர்தினால் தோமினிக் துகா மந்திரித்தார்.

கோயிலுக்குப் போகிறவர்கள் ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த நாடுகளில் செக் நாடும் ஒன்று. மாதாவா ஹுஸா என்று இன்று அங்கே சண்டை போடுகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்குகிறவர்கள். அவர்களுடைய சண்டை பக்தியைப் பற்றியது இல்லை, யாருடைய தோல்வியை ஊர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. நகல் தூணை ஒரு மதிய நேரம் தொட்டுப் பார்த்தேன். கல் புதிது, கைபட்டு மெருகேறாத சொரசொரப்பு. உடைந்த மூலத் துண்டுகள் நகரின் கற்சிலைக் காட்சியகத்தில் இருக்கின்றன. என்னைக் கேட்டால், எதிர்காலம் கொத்தி எடுக்கப்பட்ட அந்தக் கல்லை அப்படியே விட்டிருக்கலாம். தூண் ஒரு பக்கத்தின் கதையைத்தான் சொல்கிறது. கல் இரண்டு பக்கத்தையும் சொன்னது.

ஹுஸ் சிலைக்கு அருகில், இளஞ்சிவப்பு முகப்போடு இருக்கும் மாளிகை கின்ஸ்கி அரண்மனை. 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். போரை எதிர்த்து நாவல் எழுதி, 1905இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற பெர்தா ஃபான் ஸூட்னர் 1843இல் பிறந்தது இங்கே. எழுத்தாளர் காஃப்கா படித்த ஜெர்மன் உயர்நிலைப் பள்ளியும் இதற்குள்தான் இருந்தது. பிறகு அவர் அப்பா தன் கடையை இதே கட்டடத்தின் தரைத்தளத்துக்கு மாற்றினார். சிறு வயதில் அந்தக் குடும்பம் குடியிருந்தது கடிகாரத்துக்குப் பக்கத்து வீட்டில். அதன் சுவரெங்கும் மறுமலர்ச்சிக் கால ஓவியக் கீறல்கள், ஆனால் காஃப்கா அங்கே இருந்த ஆண்டுகளில் அவை பூச்சுக்குள் மறைந்து கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில்தான் சுரண்டி வெளியே எடுத்தார்கள். பின்னாளில் சதுக்கத்தைப் பார்த்த ஜன்னலருகே நின்று, பள்ளி, பல்கலைக்கழகம், அலுவலகம் எல்லாம் கையால் சுட்டிக்காட்டி, ஒரு சிறு வட்டம் வரைந்து, தன் வாழ்க்கை முழுதும் இதற்குள் அடங்கிவிட்டதாக அவர் சொன்னதை அவருடைய ஹீப்ரு ஆசிரியர் ஃப்ரீட்ரிக் தீபெர்கர் பதிவு செய்திருக்கிறார்.

அதே கின்ஸ்கி அரண்மனையின் மாடத்தில் 1948 பிப்ரவரி 21 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் க்ளெமென்ட் கோட்வால்ட் நின்று பேசினார். கீழே பெருங்கூட்டம், பனி. நான்கு நாளில் ஆட்சி முழுக்கக் கட்சியின் கைக்கு வந்தது. மாடத்தில் எடுத்த படத்தில் கோட்வால்ட் பக்கத்தில் விளாதிமிர் க்ளெமென்டிஸ் நிற்கிறார். க்ளெமென்டிஸ் பின்னர் வெளியுறவு அமைச்சரானார். 1952இல் துரோகி என்று தூக்கிலிட்டார்கள். படத்திலிருந்தும் அவர் போனார். அவரோடு, அந்தப் படத்துக்குள் சிக்கியிருந்த கரேல் ஹாயெக் என்ற புகைப்படக்காரரும் சேர்ந்து போனார். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை, நின்ற இடம் சரியில்லை. மிலன் குந்தேரா தன்னுடைய ‘சிரிப்பும் மறதியும்’ நாவலை இந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்: க்ளெமென்டிஸ் கழற்றிக் கோட்வால்டின் தலையில் வைத்த தொப்பி மட்டும் படத்தில் மிச்சமிருக்கிறது என்று. நாவல் 1979இல் பாரிஸில் வெளிவந்த பிறகு குந்தேராவின் குடியுரிமையை அரசு பறித்தது. திரும்பக் கொடுக்க 2019 ஆனது. அதே ஆண்டில்தான் வான்யாவைப் போலீஸ் தடுத்ததும்.

மாடத்துக்குக் கீழே, நான் போன அன்று, ஒரு கடையில் பிராக் பன்றித்தொடைக் கறி சுட்டு விற்றார்கள். பலகையில் எழுதியிருந்த விலை 100 கிராமுக்கு. வெட்டிப் போட்டது முந்நூறு கிராமுக்கு மேல். கேட்டதும் பலகையைக் காட்டினார்கள். சட்டப்படி தவறில்லை. பழைய பொஹீமியப் பலகாரம் என்று சதுக்கமெங்கும் புகைகிற ட்ரெடெல்நிக் உருளை ரொட்டியும் அப்படித்தான். பிராக் பாட்டிகளுக்கே அது புதிது, சுற்றுலாவோடு வந்த பழமை.

இனி, சதுக்கத்தின் வடமேற்கு மூலை. கடிகாரக் கோபுரத்தை ஒட்டிச் சில லிண்டன் நிழல்மரங்கள், புல், பெஞ்சுகள். இளைப்பாற நல்ல இடம். கோபுரத்தின் விளிம்பில் சட்டென்று அறுபட்டு நிற்கும் ஒரு சுவர்த்துண்டு மட்டும் கண்ணை உறுத்துகிறது. அந்தச் சுவரின் மீதி 1945 மே 8 வரை அங்கே இருந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்த நாள் அது. பிராக் மக்கள் மே 5 அன்று ஆயுதம் எடுத்திருந்தார்கள். நகர மன்றம் எழுச்சியின் மையங்களில் ஒன்று. ஜெர்மன் குண்டுகளில் கிழக்கு, வடக்குப் பகுதிகள் எரிந்தன. நகரத்தின் பழம் ஆவணங்கள் சாம்பலாயின. கடிகாரமும் எரிந்தது. மணிக்கொரு தரம் எட்டிப் பார்க்கிற அந்தச் சீடர்கள் போருக்குப் பிறகு வொய்டியெக் சுகர்டா செதுக்கிய மரப்பொம்மைகள். 600 ஆண்டுக் கடிகாரத்தில் கூட்டம் படம் பிடிப்பது 1948ஐத்தான்.

எரிந்த பகுதியை இடித்துத் தள்ளினார்கள். அங்கே என்ன கட்டுவது? போட்டி வைத்தார்கள். திரும்பவும் வைத்தார்கள். 1980களின் இறுதிவரை பல போட்டிகள். வரைபடங்கள் குவிந்தன, ஒன்றும் எழவில்லை. வேடிக்கை என்னவென்றால் எரிவதற்கு முன்பே இந்த மன்றத்தை மாற்றிக் கட்டப் போட்டிகள் நடந்திருக்கின்றன. 1909இல் யோசெஃப் கோச்சார் என்ற இளம் கட்டடக் கலைஞர் படிப்படியாகக் குறுகும் ஒரு பிரமிடையே வரைந்து கொடுத்தார். நல்லவேளை, அதுவும் தாளோடு நின்றது.

முழுமை வேண்டும் என்ற ஆசை சதுக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு வீட்டை எப்படி மாற்றியது என்பதையும் பார்க்கலாம். கல் மணி வீடு என்பது அதன் பெயர்; மூலையில் கல்லால் செய்த மணி ஒன்று தொங்குகிறது. 1970கள் வரை அது பிற்காலப் பூவேலை முகப்போடு பக்கத்து வீடுகளைப் போலவே இருந்தது. பூச்சுக்குப் பின்னால் 14ஆம் நூற்றாண்டுக் கோத்திக் கோபுரம் ஒன்று அப்படியே இருப்பது தெரிந்ததும், பின்வந்த அடுக்குகளை உரித்து அதை வெளியே கொண்டுவந்தார்கள். இன்று சதுக்கத்திலேயே பழையதாகத் தோன்றும் முகம் இதுதான். அந்தத் தோற்றம் 1980களில் முடிந்தது. அழகாக இருக்கிறது. ஆனால் உரித்தெடுத்த அடுக்குகளுக்குள்ளும் சில நூறு ஆண்டு மனிதர்கள் குடியிருந்தார்கள்.

அந்த அளவில் நகர மன்றத்தின் வெற்றிடம் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. அங்கே யாரும் நகல் எழுப்பவில்லை, எதையும் ஒட்டவைக்கவில்லை. அறுபட்ட சுவர் அறுபட்டபடியே நிற்கிறது. நான்கு தலைமுறையாக ஒத்துப்போக முடியாததன் அடையாளம் ஒரு புல்வெளியாக இருப்பதில் என்ன குறை? அதைக் கட்டாமல் விடுவதே நல்லது.

நீங்கள் போனால் கடிகாரத்தை ஒரு தடவை பாருங்கள், போதும். தூணுக்கு வடக்கே தரையில் ஒரு பித்தளைப் பட்டை ஓடுகிறது. பழைய நடுப்பகல் கோடு. 1990இல் அதைப் பதித்தபோது நிழல் தரத் தூண் இல்லை. முப்பது ஆண்டு அது நிழலில்லாத கோடாகக் கிடந்தது. இப்போது நிழல் விழுகிறது. கோடையில் உங்கள் கைக்கடிகாரம் ஒரு மணியைத் தாண்டிச் சில நிமிடம் காட்டும்போது அங்கே நில்லுங்கள். பிராக்கின் உச்சிப்பொழுது அப்போதுதான். கூட்டம் இருக்காது, அவர்கள் ஒரு மணிச் சேவலைக் கேட்டுவிட்டு அந்த நேரம் கலைந்துகொண்டிருப்பார்கள்.